சராசரிக் கணக்கு: குழுவிலும் கொட்டகையிலும்

(பென்னாகரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரப் பயிற்சிக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு சராசரி. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் இரண்டு அக்கா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறீங்க. "இந்த வயசுல பள்ளிக்கூடக் கணக்கா?" என்று நினைப்பது தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் அக்கா. வங்கிக்கு வேண்டும், மாடு வாங்க வேண்டும், குடிக்கிற தண்ணீருக்கும் வேண்டும்.

குழுவைத் தரம் பிரிக்க வருகிறார்கள். படிவத்தில் என்ன கேட்கிறார்கள்? கூட்டத்துக்குச் சராசரி வருகை எத்தனை பேர்? ஒரு உறுப்பினருக்குச் சராசரி சேமிப்பு எவ்வளவு? சராசரிக் கடன் எவ்வளவு? அந்தக் கட்டத்தை யாரோ ஒருவர் நிரப்பித் தருகிறார். நாம் கீழே கையெழுத்துப் போடுகிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவதற்கும் கைநாட்டு வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் கருத்து.

அதிலும் நாம் தருமபுரிக்காரர்கள். தமிழ்நாட்டில் அரசாங்கத் திட்டமாக மகளிர் சுய உதவிக் குழு முதன்முதலில் தொடங்கியது 1989-ல் நம்ம மாவட்டத்தில்தான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நடந்தது. கிருஷ்ணகிரியும் அப்போது நம்மோடு ஒரே மாவட்டம், 2004-ல்தான் பிரிந்தது. இங்கே பிடித்த வேர்தான் 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு படிவத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்து நாம் பயப்படலாமா?

சரி, சராசரி என்றால் என்ன?

நாம் கேழ்வரகு அளக்கும்போது படியில் கோபுரமாக நிறைத்து, அப்புறம் தலைதட்டுவோம் இல்லையா? மேடாக இருப்பதைத் தள்ளி மட்டமாக்குகிறோம். சராசரியும் அதே வேலைதான். ஐந்து வீட்டில் ஐந்து அளவு கேழ்வரகு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி, ஐந்து வீட்டுக்கும் சமமாகத் திருப்பி அளந்தால் வீட்டுக்கு எவ்வளவு வரும்? அதுதான் சராசரி. கூட்டு, எத்தனை பேரோ அத்தனையால் வகு. இதற்கு மேல் சூத்திரம் ஒன்றும் கிடையாது.

புளி சீசனில் கொட்டை எடுக்கிற வேலைக்கு நம்மில் பாதிப் பேர் போகிறோம். ஒரு அக்கா ஐந்து நாளில் 7, 9, 6, 10, 8 கிலோ எடுத்ததாக வைத்துக் கொள்வோம். கூட்டினால் 40. ஐந்தால் வகுத்தால் 8. ஒரு நாளைக்குச் சராசரி 8 கிலோ. இதில் ஒன்றைக் கவனியுங்க. சராசரி எப்போதும் எல்லாவற்றிலும் சின்ன எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் நடுவில்தான் வரும். இங்கே 6-க்கும் 10-க்கும் நடுவில். யாராவது கணக்குப் போட்டு 12 என்று சொன்னால், காகிதத்தைப் பார்க்காமலே தப்பு என்று சொல்லிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்தச் சோதனையைச் செய்யலாம்.

பெரிய எண் வந்தால் கூட்டவே சிரமமாக இருக்கிறது என்பார்கள். அதற்கு ஒரு சுருக்கு வழி சொல்கிறேன். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டு போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஐந்து நாள் கிலோ விலை 505, 498, 510, 495, 502 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைப்போம். இத்தனையையும் கூட்ட வேண்டாம். உத்தேசமாக 500 என்று பிடியுங்க. இப்போது மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று மட்டும் பாருங்க. 5 மேலே, 2 கீழே, 10 மேலே, 5 கீழே, 2 மேலே. மேலே இருப்பது 17, கீழே இருப்பது 7. கழித்தால் 10 மேலே நிற்கிறது. ஐந்து நாளுக்குப் பங்கு வைத்தால் நாளைக்கு 2 ரூபாய். 500-ல் சேர்த்தால் 502. மனக்கணக்காகவே வந்துவிட்டது. உத்தேசத்தை 490 என்று பிடித்தாலும் விடை 502-தான் வரும். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்க.

கூட்ட வருகையும் இப்படித்தான். 12 பேர் உள்ள குழுவில் நான்கு கூட்டத்துக்கு 12, 9, 11, 8 பேர் வந்தார்கள். மொத்தம் 40, நான்கால் வகுத்தால் 10. பன்னிரண்டில் பத்து, அதாவது நூற்றுக்கு 83. இதைப் படிவத்தில் எழுத யார் உதவியும் தேவையில்லை.

இதுவரை சுலபம். இனிமேல் சொல்வதற்காகத்தான் நான் இந்தத் தலைப்பையே ஒத்துக்கொண்டேன்.

மாட்டுக் கடன். நம்ம கூட்டமைப்பில் அதிகம் கேட்கிற கடனே அதுதான். சந்தையில் மாடு விற்கிறவர் என்ன சொல்வார்? "வேளைக்கு ஆறு லிட்டர் கறக்கும், நீங்களே கறந்து பாருங்க." கறந்து பார்த்தால் ஆறு லிட்டர் வரும். அவர் சொன்னது பொய் இல்லை. காலையும் மாலையும் சேர்த்து 12 லிட்டர். ஆனால் அது எந்த மாதத்துப் பால்? கன்று போட்டு இரண்டாவது மாதத்துப் பால். மாடு மடி நிறையக் கறக்கிற காலத்தில்தான் விலைக்கு வரும். அந்த 12-ஐ வைத்து நாம் கடன் கணக்குப் போடுகிறோம்.

ஒரு கலப்பின மாட்டின் ஒரு வருடக் கதையைப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்க மாடு கூடக் குறைய இருக்கலாம். ஆனால் ஏறி இறங்குகிற விதம் எல்லா மாட்டுக்கும் இதுதான். ஒரு நாளைக்கு முதல் மாதம் 10 லிட்டர், இரண்டாவது மாதம் 12. அப்புறம் 11, 10, 9, 8, 7, 6, 4, 3 என்று இறங்கும். பத்து மாதம் முடிந்தது. அடுத்த கன்றுக்கு மாடு தேற வேண்டும், அதனால் கடைசி இரண்டு மாதம் பால் வற்ற விடுகிறோம். அந்த இரண்டு மாதமும் பூஜ்யம்.

இப்போது கூட்டுங்க. 80 வரும். எதால் வகுப்பது? பத்து மாதம்தானே கறந்தது என்று பத்தால் வகுத்தால் 8 லிட்டர். ஆனால் பால் வற்றிய இரண்டு மாதமும் மாடு தீனி தின்னவில்லையா? தவணை நின்றதா? அந்த இரண்டு பூஜ்யமும் கணக்கில் சேர வேண்டும். பூஜ்யத்தைச் சேர்த்தால் கூட்டுத்தொகை ஏறாது, ஆனால் வகுக்கிற எண் ஏறும். 80-ஐ 12-ஆல் வகுத்தால் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, 6.67 லிட்டர்.

ஒரே மாட்டுக்கு மூன்று எண் வந்துவிட்டது: 12, 8, 6.67. விற்கிறவர் 12-ஐச் சொல்வார். மனக்கோட்டை கட்டும்போது நாமும் 12-ஐத்தான் எடுப்போம். வீட்டில் அடுப்பு எரிவது 6.67-ல்.

பணமாக்கிப் பாருங்க. லிட்டர் 35 ரூபாய் என்று வைப்போம். தீவனம், தட்டு, தவிடு எல்லாம் சேர்த்து நாளைக்கு 130 ரூபாய். கடனுக்கு அசலும் வட்டியுமாக மாதத் தவணை 3,000, அதாவது நாளைக்கு 100. செலவு மொத்தம் 230. நாளைக்கு 12 லிட்டர் என்றால் வரவு 420, செலவு போக 190 மிச்சம். மாதம் 5,700! பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கலாம், நகையைத் திருப்பலாம் என்று மனசு ஓடும். 6.67 லிட்டர் என்றால்? வரவு 233, மிச்சம் 3 ரூபாய். ஒரு டீக்குக்கூடப் பற்றாது. (கூட்டத்தில் சிரிப்பு.)

சிரிக்கிறீங்க. ஆனால் மாட்டுக் கடன் வாங்கி, ஒன்பதாவது மாதம் தவணை கட்ட முடியாமல், மாட்டைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, மாடே இல்லாமல் தவணை கட்டிய வீடு உங்க ஊரில் இல்லையா? அந்த வீட்டுப் பெண்ணைச் சோம்பேறி, ஏமாற்றுக்காரி என்று பேசியிருப்போம். ஒருநாள்கூட அவள் தீவனம் வைக்கத் தவறியிருக்க மாட்டாள். கடன் கொடுக்கும்போது யாரும் அவளிடம் பன்னிரண்டு மாதக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சாணி, எரு, கன்று இதெல்லாம் மேலே சொன்ன கணக்கில் வரவில்லை. மாட்டு வைத்தியச் செலவும், இன்சூரன்ஸும் வரவில்லை. இரண்டையும் நீங்கள் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்க.

இன்னொன்றும் இருக்கிறது. வருடத்துக்கு மொத்தத்தில் 1,200 ரூபாய் மிஞ்சுகிறதே, நஷ்டம் இல்லையே என்று தோன்றும். ஆனால் தவணை சராசரி பார்த்து வராது. மாதாமாதம் வரும். தீவனமும் தவணையும் சேர்ந்து மாதம் 6,900. நாளைக்கு 7 லிட்டர் கறக்கும் வரை, அதாவது முதல் ஏழு மாதம், கையில் மிஞ்சும். மொத்தம் கூட்டிப் பார்த்தேன், 22,050 ரூபாய். எட்டாவது மாதத்திலிருந்து கையைக் கடிக்கும். எட்டில் 600 துண்டு விழும், ஒன்பதில் 2,700, பத்தில் 3,750, பால் இல்லாத இரண்டு மாதத்திலும் தலைக்கு 6,900. மொத்தம் 20,850. ஆக முதல் ஏழு மாதத்தில் மிஞ்சுவது லாபம் இல்லை. அது பின்னால் வரும் ஐந்து மாதத்தின் தவணைக் காசு. முதல் மாதமே அதில் சீலை எடுத்தால், பத்தாவது மாதம் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மாட்டுக் கடன் கொடுக்கும் குழு ஒரு தீர்மானம் போடலாம். பால் அதிகம் உள்ள ஏழு மாதமும் தவணையோடு ஒரு தனித் தொகையைக் குழுவிலேயே விருப்பச் சேமிப்பாகக் கட்ட வேண்டும், பால் வற்றும்போது அதிலிருந்து தவணை எடுத்துக்கொள்ள வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி. பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டி வராது.

மாடு உரிய காலத்தில் சினை பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். பருவத்துக்கு வருவதை மூன்று தடவை கவனிக்காமல் விட்டால் போதும், அடுத்த கன்று பன்னிரண்டு மாதத்துக்குப் பதிலாகப் பதினான்கு மாதத்தில் வரும். பால் அதே 80-தான், வகுப்பது 14-ஆல். சராசரி 5.71 லிட்டர். மாத வரவு 6,000, செலவு 6,900. இரண்டு பூஜ்யம் கூடியதில் லாபம் போய் நஷ்டம் வந்துவிட்டது. மாடு வைத்திருக்கிற அக்காமார்கள் சினை ஊசி போட்ட தேதியை எங்காவது சுவரிலாவது எழுதி வையுங்க என்று கால்நடை மருத்துவர்கள் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான்.

இரண்டு மாட்டுக் கடன் வாங்குகிறவர்களிடம் இரண்டாவது மாட்டை ஐந்தாறு மாதம் கழித்து வாங்கச் சொல்வது வங்கிகளில் பழைய வழக்கம். "பணத்தை ஒரே தடவையில் கொடுத்தால் என்ன?" என்று நாம் சண்டை போடுவோம். மேலே சொன்ன மாட்டையே எடுத்து, ஆறு மாத இடைவெளியில் இரண்டு மாடு கன்று போடுவதாக வைத்துக் கூட்டிப் பாருங்க. இரண்டும் சேர்ந்து 17, 18, 15, 13, 9, 8 லிட்டர் என்று வரும், பிறகு மறுபடி 17. வருடத்தில் ஒரு நாள்கூடப் பூஜ்யம் இல்லை. மொத்தப் பால் அதேதான், சராசரியும் மாட்டுக்கு அதேதான். ஆனால் எல்லா மாதமும் சொசைட்டியில் பணம் வரும்.

மாட்டை விட்டுவிட்டு நம்ம குழுவுக்கு வருவோம்.

12 பேர் உள்ள ஒரு குழு. மொத்தம் 3 லட்சம் கடன் கொடுத்திருக்கிறார்கள். படிவத்தில் "உறுப்பினருக்குச் சராசரிக் கடன் ரூ.25,000" என்று அழகாக எழுதிக் கொடுத்தார்கள். வங்கிக்காரரும் பாராட்டினார். இப்போது பேரேட்டைத் திறப்போம். ஆயிரக்கணக்கில் சொல்கிறேன்: 80, 80, 60, 20, 15, 10, 10, 10, 5, 5, 5, 0. கூட்டிப் பாருங்க, 300 சரியாக வரும். சராசரி 25,000 என்பதும் சரி. ஆனால் 25,000 வாங்கியவர் யார்? ஒருவரும் இல்லை. மூன்று பேர் அதைவிட மிக அதிகம் வாங்கியிருக்கிறார்கள், ஒன்பது பேர் அதைவிடக் குறைவு. மூன்று பெரிய கடன் சேர்ந்து சராசரியை மேலே தூக்கிவிட்டது.

இந்த மாதிரி இடத்தில் சராசரியை மட்டும் பார்க்கக் கூடாது. எண்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக நிறுத்துங்க, நடுவில் நிற்பது யார் என்று பாருங்க. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு இடைநிலை என்று பெயர். பன்னிரண்டு பேரில் நடுவில் நிற்பது ஆறாவதும் ஏழாவதும். இரண்டு பேரும் 10,000. ஆகவே இந்தக் குழுவில் சாதாரணமாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது பத்தாயிரம். 25,000 என்று படிவம் சொல்கிறது, 10,000 என்று வரிசை சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருந்தால், யாரோ சிலர் கையில் அதிகம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அதிகம் வாங்கியது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒருத்திக்குக் கிணறு வெட்ட, இன்னொருத்திக்கு மகள் படிப்புக்குத் தேவைப்பட்டிருக்கலாம். நான் கேட்பது வேறு. கடைசியில் பூஜ்யம் என்று நிற்கிறாளே, அவள் யார்? கடன் வேண்டாம் என்று சொன்னவளா? இல்லை, கேட்டால் திருப்பிக் கட்ட மாட்டாள் என்று நாமே முடிவு செய்துவிட்டவளா? புருஷன் இல்லாதவளா, கூலிக்கு மட்டுமே போகிறவளா, காலனித் தெருக்காரியா? மாதம் தவறாமல் அவளும்தான் சேமிப்பு கட்டுகிறாள். அவள் காசும் சேர்ந்துதான் அந்த 3 லட்சம். படிவத்தில் சராசரி எழுதும்போது அவளுக்கும் 25,000 கொடுத்ததாக ஆகிவிடுகிறது.

கூட்டமைப்பு ஆண்டறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சராசரிகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு குழுவில் 20 பேர், சராசரிக் கடன் 10,000. இன்னொரு குழுவில் 12 பேர், சராசரி 18,000. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 14,000 வரும், ஆனால் அது சரியான விடை இல்லை. முதல் குழுவின் மொத்தம் 2,00,000, இரண்டாவது குழுவின் மொத்தம் 2,16,000. சேர்த்தால் 4,16,000. ஆள் 32. வகுத்தால் 13,000. ஆள் அதிகம் உள்ள குழுவுக்குக் கனம் அதிகம், அது தன் பக்கம் இழுக்கும். பாலிலும் இப்படித்தான். காலைப் பால் 6 லிட்டர் கொழுப்பு 4, மாலைப் பால் 4 லிட்டர் கொழுப்பு 4.5 என்றால் சராசரிக் கொழுப்பு 4.25 இல்லை, 4.2.

இப்போது தண்ணீர்.

நம்ம பகுதி போர் தண்ணீரில் புளோரைடு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, நாற்பது வயசிலேயே மூட்டு இறுகி உட்கார முடியாமல், எழுந்திருக்க முடியாமல் போவது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் கூடாது. ஒரு சிற்றூரில் நாலு தெருவில் நாலு போர் என்று வைப்போம். சோதனையில் 0.6, 0.8, 1.0, 3.2 என்று வந்தது. கூட்டினால் 5.6, நாலால் வகுத்தால் 1.4. "சராசரி 1.4, அளவுக்குள்தான் இருக்கிறது" என்று ஒரு காகிதம் வரலாம். நாலாவது தெருப் பிள்ளை சராசரித் தண்ணீரைக் குடிக்கவில்லையே! அது தினமும் 3.2-ஐத்தான் குடிக்கிறது. அந்த ஊருக்கு 1.4 என்ற எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் கேட்க வேண்டியது, "அதிகபட்சம் எவ்வளவு, அது எந்தத் தெரு?"

ஆற்றின் சராசரி ஆழம் பார்த்து இறங்கி மூழ்கிப்போன கணக்குப்பிள்ளை கதை உங்களுக்குத் தெரியும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரிடம் போய்க் காவிரியின் சராசரி ஆழம் என்ன என்று கேட்டுப் பாருங்க. ஒரு மாதிரியாகப் பார்ப்பார். மடு எங்கே, பாறை எங்கே என்பதுதான் அவருக்குத் தேவை.

ஆனால் தண்ணீரில் சராசரி உண்மையாகவே நடக்கிற இடம் ஒன்று உண்டு. கலக்கும் இடம். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-லிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. புளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீர் பற்றாக்குறை என்று போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றினால் என்ன ஆகும்? உதாரணத்துக்குப் போர் தண்ணீரில் 3, ஆற்றுத் தண்ணீரில் 0.4 என்று வைப்போம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.7. அளவைத் தாண்டிவிட்டது. மூன்று பங்கு ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் என்றால், 0.4 மூன்று தடவை 1.2, அதோடு 3 சேர்த்தால் 4.2, நாலால் வகுத்தால் 1.05. இரண்டு கலவையையும் "காவிரித் தண்ணீர்" என்றே சொல்லிவிடுவார்கள். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்று கிராம சபையில் கேட்பதற்கு நமக்கு இந்தக் கணக்கு வேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போய்விடும் என்று சில பேர் நினைக்கிறார்கள். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

மாநிலக் கணக்கிலும் இதே விஷயம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 943. நம்ம தருமபுரி மாவட்டத்தில் 913. மாநிலத்து எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இங்கே குறைந்த 30 பெண் பிள்ளைகள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். 913 என்பதும் மாவட்டத்துச் சராசரிதான். உங்க ஊரில் எவ்வளவு என்பது உங்க ஊர் அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். ஊக்குநர்கள் போய்ப் பாருங்க.

தையல் தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு செய்தி. 1950-ல் அமெரிக்க விமானப் படையில் 4,063 விமானிகளை அளவெடுத்தார்கள். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவை எடுத்துச் சராசரி போட்டார்கள். விமானத்தில் இருக்கை எல்லாம் சராசரி உடம்புக்குத் தகுந்த மாதிரி அமைத்திருந்தார்கள், ஆனால் ஓட்டுகிறவர்களுக்குப் பொருந்தவில்லை. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் ஒரு கேள்வி கேட்டார்: பத்து அளவிலும் சராசரியை ஒட்டி இருக்கிற விமானி எத்தனை பேர்? தேடிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அதன் பிறகுதான் முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி இருக்கை வைத்தார்கள். பள்ளிச் சீருடை தைக்கிற நம்ம பெண்களைக் கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். வகுப்புக்கே ஒரு சராசரி அளவில் தைத்தால் பாதிப் பிள்ளைக்குத் தொளதொள, பாதிப் பிள்ளைக்குப் பித்தானே போட முடியாது.

மழையைப் பற்றியும் கேட்டார்கள். ரேடியோவில் "இயல்பான மழை" என்று சொல்வதும் பல வருட மழையின் சராசரிதான். மானாவாரி கேழ்வரகும் கடலையும் போடுகிற நமக்கு அது பாதிக் கணக்கு. ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு இருபது நாள் காய்ந்தாலும் மாதச் சராசரி சரியாகவே வரும், கடலை மட்டும் வராது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு காகிதம் கொண்டு வரணும். ஒன்று, உங்க பேரேட்டில் உள்ள கடன் பாக்கியைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எழுதி, சராசரி எவ்வளவு, நடுவில் நிற்பது எவ்வளவு என்று போட்டு வாங்க. பெயர் எழுத வேண்டாம், எண் போதும். பூஜ்யம் இருந்தால் அதையும் எழுதணும், விட்டுவிடக் கூடாது. இரண்டாவது, மாடு வைத்திருக்கிற யாராவது ஒருத்தருடைய பால் அட்டையை வாங்கி, போன கன்றுக்கும் இந்தக் கன்றுக்கும் இடையில் மாதவாரியாக எவ்வளவு ஊற்றினார் என்று எழுதுங்க. பால் வற்றிய மாதத்துக்கு எதிரே கோடு போடாமல் 0 என்று எழுதுங்க. கால்குலேட்டர் செல்போனிலேயே இருக்கிறது, பிள்ளைகளைக் கேட்டால் காட்டுவார்கள். மாட்டுக் கடனுக்கு இந்த மாதம் விண்ணப்பம் கொடுத்திருக்கிற ஏழு பேர் மட்டும் சாப்பாட்டுக்கு அப்புறம் இருங்க. உங்க கணக்கை ஒவ்வொன்றாக உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டே தவணைத் தொகையை எழுதுவோம்.